ஒரே பென்டிரைவ், ஒரே உபுண்டு 24.04, பக்கத்துப் பக்கத்துக் கணினி: பேக்கேஜ் பதிப்பு மட்டும் ஏன் வேறு?

கோத்தகிரி_வாசகசாலை | வெள்ளி, காலை 10.40

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கத்தில் ஒரு கிராமத்து வாசகசாலையில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தருகிறோம். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகள். லிபர்ஆபிஸ், தமிழ்99 தட்டச்சு, இங்க்ஸ்கேப், கொஞ்சம் பைதான். எல்லாமே உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில்தான்.

விஷயம் இதுதான். எங்களிடம் இரண்டு டெஸ்க்டாப் இருக்கிறது. ஒரே மாடல், ஒரே ரேம், ஒரே எஸ்எஸ்டி. ஒரே பென்டிரைவிலிருந்து அடுத்தடுத்து இன்ஸ்டால் செய்தவை. இன்று காலை இரண்டிலும் பேக்கேஜ் நிறுவும் நிரலான ஆப்ட்டை ஓட்டினேன்: பட்டியலைப் புதுப்பிக்க ‘சூடோ ஆப்ட் அப்டேட்’, பிறகு பேக்கேஜ்களைப் புதுப்பிக்க ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’. ஜன்னலோரக் கணினி, திரையை வரையும் மட்டர் பேக்கேஜையும் அதோடு வரும் லிப்மட்டர் கோப்புகளையும் இறக்கிக்கொண்டது. சுவரோரக் கணினி தொடவே இல்லை. இரண்டிலும் 46.2 தான், ஆனால் 24.04-க்குப் பின்னால் வரும் கடைசி எண் ஒன்றில் கூடுதல்.

ஒரே கட்டளைக்கு ஒரே விடைதான் வரும் என்று சொல்லிக்கொடுக்கிற இடம் இது. பிள்ளைகளே இரண்டு திரையையும் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கிறார்கள். ‘ஏதோ பக்’ என்று சொல்லி அனுப்ப மனமில்லை. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

குன்னூர்_லேப் | வெள்ளி, காலை 11.05

மிரர் வித்தியாசமாக இருக்கலாம். ஒன்று இந்திய மிரரையும் இன்னொன்று முதன்மைச் சர்வரையும் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். மிரர் என்பது நகல். மூலத்தில் வந்த பேக்கேஜ் நகலுக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் அப்டேட் கொடுத்தால் பழையதுதான் கிடைக்கும். இரண்டையும் ஒரே மிரருக்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ‘ஃபுல்-அப்கிரேட்’ கொடுங்கள்.

உதகை_முனையம் | வெள்ளி, பிற்பகல் 12.30

மிரராகவும் இருக்கலாம், வேறு நாலு காரணமாகவும் இருக்கலாம். எதையும் மாற்றுவதற்கு முன்னால் கணினியிடமே கேட்டுவிடுங்கள். ஆப்ட் தன் முடிவுக்கான காரணத்தை ஒளிப்பதில்லை, கேட்டால் சொல்லும்.

ஒன்று தெளிவாக வேண்டும். ‘இந்தக் கணினிக்கு இந்தப் பதிப்பு’ என்று எந்தச் சர்வரும் தீர்மானித்து அனுப்புவதில்லை. சர்வர் கொடுப்பது பட்டியல் மட்டும். அந்தப் பட்டியலை ஒவ்வொரு கணினியும் தன்னிடம் ‘வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ்’ அடைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு தன் சோர்ஸ் கோப்புகள் (எங்கிருந்து இறக்குவது என்ற குறிப்பு), ‘பின்’ முன்னுரிமைகள் (எந்த மூலத்துக்கு முதலிடம் என்ற எண்), ஹோல்டு போட்ட (மாறாமல் நிறுத்திவைத்த) பேக்கேஜ்கள், தன் அடையாள எண் எல்லாவற்றையும் சேர்த்து, எதை நிறுவலாம் என்று தானே கணக்குப் போடுகிறது. கணக்கில் போகிற ஒரு பொருள் மாறினாலும் விடை மாறும். ‘எல்எஸ்பி ரிலீஸ்’ கொடுத்தால் இரண்டும் 24.04 என்றுதான் சொல்லும். இந்தக் கேள்விக்கு அது உதவாது.

இரண்டு கணினியிலும் இவற்றை எடுத்துப் போடுங்கள்:

‘ஆப்ட் பாலிசி’ என்று வெறுமனே கொடுத்தால் எந்தெந்த ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு), எந்த முன்னுரிமையில் என்று வரும்.

‘ஆப்ட் பாலிசி மட்டர்’ என்று பேக்கேஜ் பெயரோடு கொடுத்தால், நிறுவியது எது, தேர்வானது எது, ஒவ்வொரு பதிப்பும் எந்த ரெப்போவில் இருக்கிறது என்று வரும்.

‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ கொடுத்து ஏதாவது பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

‘ஆப்ட் அப்டேட்’ ஓடி முடிந்ததும் கடைசியில் எச்சரிக்கை வரி வருகிறதா என்று முழுசாகப் படியுங்கள். நம் மலையில் இது முக்கியம். மழைக்காலத்தில் லைன் நடுவில் அறுந்தால், சில பட்டியல்கள் இறங்கவில்லை, அவற்றைத் தவிர்த்துவிட்டோம் அல்லது பழையதையே பயன்படுத்திக்கொண்டோம் என்று ‘டபிள்யூ’ எழுத்தோடு ஒரு வரி மட்டும் போட்டுவிட்டு, வெற்றி என்றே முடித்துவிடும். ஸ்கிரிப்ட் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ‘--எரர்-ஆன்=எனி’ என்ற தேர்வைச் சேர்த்தால்தான் அதைப் பிழையாகக் காட்டும்.

இன்னொன்று. 24.04-இல் பழைய ‘சோர்சஸ்.லிஸ்ட்’ கோப்பைத் திறந்து ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஏனென்றால் அதில் குறிப்பு வரியைத் தவிர ஒன்றும் இருக்காது. உண்மையான விவரம் ‘சோர்சஸ்.லிஸ்ட்.டி’ அடைவுக்குள் ‘உபுண்டு.சோர்சஸ்’ கோப்பில் இருக்கிறது. அதை ஒப்பிடுங்கள்.

கோத்தகிரி_வாசகசாலை | வெள்ளி, மாலை 4.15

நன்றி அண்ணா. எல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

சோர்ஸ் கோப்பு இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இந்திய மிரர், பாதுகாப்புக்கு மட்டும் உபுண்டுவின் செக்யூரிட்டி சர்வர். ஹோல்டு எதுவும் இல்லை. அப்டேட் எச்சரிக்கை இல்லாமல் முடிகிறது.

‘ஆப்ட் பாலிசி மட்டர்’ கொடுத்ததில் புதிய பதிப்பு இரண்டு கணினியிலுமே பட்டியலில் இருக்கிறது. அதாவது சுவரோரக் கணினிக்கும் புதிய பதிப்பு தெரிகிறது. அந்த வரியின் ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ஃபேஸ்டு’ என்றும் ஒரு சதவீதமும் இருக்கிறது. அப்கிரேட் கொடுக்கும்போது சுவரோரக் கணினியில் ‘டெஃபர்டு டியூ டு ஃபேஸிங்’ என்ற தலைப்பின் கீழ் மட்டரும் அதன் கூட்டாளிகளும் வரிசையாக வருகின்றன. ஜன்னலோரக் கணினியில் அந்தத் தலைப்பே வரவில்லை.

உதகை_முனையம் | வெள்ளி, இரவு 9.20

விடையை நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள். உங்கள் கணினிகளில் எந்தக் கோளாறும் இல்லை. இது படிப்படியாக அப்டேட் விடும் முறை, ஃபேஸ்டு அப்டேட் என்பார்கள்.

பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் டோக்கன் கொடுக்கிறார்கள் அல்லவா, இன்ன நாள் இன்ன வேளை வாருங்கள் என்று? பொருள் எல்லோருக்கும் உண்டு, ஒரே நாளில் எல்லோரும் வரவேண்டாம் என்பது ஏற்பாடு. உபுண்டுவில் ‘அப்டேட்ஸ்’ பாக்கெட்டுக்கு (ரெப்போவின் ஒரு பிரிவு) வரும் புதிய பதிப்பும் அப்படித்தான். முதலில் 10 சதவீதக் கணினிகளுக்கு மட்டும். புதிய கிராஷ் அறிக்கை எதுவும் வராவிட்டால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டுகிறார்கள். தடங்கல் இல்லாமல் போனால் இரண்டரை நாளுக்குள் எல்லோருக்கும் கிடைத்துவிடும். கிராஷ் அறிக்கை அதிகமானால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அப்போது ஜன்னலோரக் கணினி மாதிரி முதலில் வாங்கியவற்றோடு பாதிப்பு நின்றுவிடும்.

வரைகலை அப்டேட் நிரலில் இது பல வருடமாக இருந்ததுதான். டெர்மினலில் ஓடும் ஆப்ட்டும் இதை மதிக்கத் தொடங்கியது 21.04-இலிருந்து. நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பு மட்டுமே பயன்படுத்தும் நம்மைப்போன்றவர்களுக்கு அது 22.04-இல்தான் வந்துசேர்ந்தது. 22.04-இல் காரணம் சொல்லாமல் ‘கெப்ட் பேக்’ என்று மட்டும் சொல்லும். அதைப் பார்த்து டிபெண்டன்சி (ஒரு பேக்கேஜ் இன்னொன்றைச் சார்ந்திருப்பது) உடைந்துவிட்டது என்று நினைத்து எத்தனையோ பேர் இணையத்தில் கிடைத்த கட்டளையை எல்லாம் அடித்துக் கணினியைக் கெடுத்துக்கொண்டார்கள். 24.04-இல் ஃபேஸிங் என்று பெயர் சொல்லியே தெரிவிக்கிறது. பெரிய முன்னேற்றம் என்பேன்.

எந்தக் கணினிக்கு எப்போது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பிள்ளைகளுக்குச் சொல்ல இதுதான் நல்ல பகுதி. சர்வர் அல்ல, உங்கள் கணினியேதான்.

பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ‘ஈடிசி’ அடைவில் ‘மெஷின்-ஐடி’ என்று ஒரு கோப்பு இருக்கும். திறந்தால் 32 எழுத்து கொண்ட ஒரே ஒரு வரி. இன்ஸ்டால் ஆகும்போது ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக உருவாவது. ஒரே பென்டிரைவ் ஆனாலும் இரண்டு இன்ஸ்டாலுக்கு இரண்டு எண். இரண்டிலும் கோப்பைத் திரையில் காட்டும் ‘கேட்’ கட்டளை கொடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உங்கள் இரண்டு கணினிக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு வரிதான்.

ஆப்ட் மூன்றை எடுத்துக்கொள்கிறது: சோர்ஸ் பேக்கேஜின் (மூல நிரல் தொகுப்பின்) பெயர், புதிய பதிப்பு எண், இந்த மெஷின்-ஐடி. மூன்றையும் விதையாக (குலுக்கலின் தொடக்க மதிப்பாக) போட்டு 0-இலிருந்து 100-க்குள் ஒரு எண்ணை எடுக்கிறது. அந்த எண், பட்டியலில் அறிவித்த சதவீதத்தைவிடப் பெரியதாக இருந்தால் பொறுத்திரு. இல்லையென்றால் நிறுவிக்கொள். விதை மாறாததால் எத்தனை முறை கேட்டாலும் அதே எண்தான் வரும், அதனால் சுவரோரக் கணினியில் திரும்பத்திரும்ப அப்கிரேட் அடிப்பதில் பயனில்லை. சதவீதம் ஏறினால்தான் வரும்.

இந்தக் கணக்கை நுணுக்கமாகப் பாருங்கள். பதிப்பு எண்ணும் விதையில் இருப்பதால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் புதிய குலுக்கல். இந்த முறை ஜன்னலோரம் முந்தியது, அடுத்த முறை சுவரோரம் முந்தலாம். எப்போதும் ஒரே கணினி சோதனைக்கு இரையாவதில்லை. அந்த மூலத்திலிருந்து உருவாகி நிறுவப்படும் பைனரி பேக்கேஜின் பெயரை எடுக்காமல் சோர்ஸ் பேக்கேஜின் பெயரை எடுப்பதால், மட்டரும் லிப்மட்டரும் ஒரே எண்ணைப் பெறுகின்றன. வந்தால் சேர்ந்து வரும், பொறுத்தால் சேர்ந்து பொறுக்கும். பாதி புதியது, பாதி பழையது என்று கிழியாது. இதை யோசித்துச் செய்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும்.

பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. செக்யூரிட்டி பாக்கெட்டில் வருவது எல்லோருக்கும் உடனே. அந்தக் கவலை வேண்டாம்.

குன்னூர்_லேப் | சனி, காலை 8.10

விளக்கம் அருமை. மிரர் என்று நான் சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை, சரி. ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் லேபில் எல்லாமே உபுண்டு 24.04-தான். ஒரு தடவைகூட இந்த வித்தியாசம் வந்ததில்லை. வந்தால் எல்லாவற்றிலும் வரும், இல்லையென்றால் எதிலும் வராது. ஒரு கணினியைத் தயார்செய்து குளோன்ஸில்லாவில் இமேஜ் (வட்டின் முழு நகல்) எடுத்து மற்றவற்றில் போட்டோம். அதனாலா?

பொதுவாகவே, லேபுக்கு இந்த ஃபேஸிங் எதற்கு? ‘ஆல்வேஸ்-இன்க்ளூட்-ஃபேஸ்டு-அப்டேட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதை ட்ரூ என்று போட்டுவிட்டால் எல்லாம் உடனே வந்துவிடும். கோத்தகிரி நண்பருக்கும் அதையே சொல்வேன்.

உதகை_முனையம் | சனி, காலை 9.45

ஆமாம், இமேஜோடு மெஷின்-ஐடியும் நகலாகிவிட்டது. உங்கள் லேபில் எல்லாக் கணினியும் ஒரே எண்ணோடு நிற்கின்றன. ஆப்ட்டின் கண்ணுக்கு அது ஒரே கணினி. எல்லாம் ஒன்றாக முந்தும், ஒன்றாகப் பிந்தும்.

அதை அப்படியே விடுவது நல்லதல்ல. மெஷின்-ஐடி ஆப்ட்டுக்கு மட்டும் உரியது அல்ல. சர்வர் வகை இன்ஸ்டாலில் ஐபி முகவரி கேட்கும்போது, நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி தன் அடையாளத்தை இதிலிருந்துதான் உருவாக்குகிறது. ஒரே எண்ணோடு இரண்டு சர்வர் இருந்தால் இரண்டுக்கும் ஒரே ஐபி கிடைத்து மாறிமாறி இணைப்பு அறும். இமேஜ் எடுப்பதற்கு முன்னால் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடுங்கள். நீக்க வேண்டாம், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யுங்கள். குளோன் ஆன கணினி முதல்முறை பூட் ஆகும்போது புதிய எண்ணைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் அப்டேட் ஆகவேண்டும் என்ற உங்கள் தேவை நியாயமானது. அதற்குச் சரியான வழி வேறு. ஆப்ட் அமைப்பில் ‘ஆப்ட்::மெஷின்-ஐடி’ என்று ஒரு தேர்வு உண்டு. அதில் ஒரு யூயூஐடியை (அடையாள எண்ணை) எல்லாக் கணினிக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டால், உண்மையான மெஷின்-ஐடி தனித்தனியாகவே இருக்கும், ஃபேஸிங் கணக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகும்.

ஆல்வேஸ்-இன்க்ளூட் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. லேப் முழுக்க அதைப் போடுவது, ஒவ்வொரு முறையும் முதல் 10 சதவீதத்தில் போய் நிற்பதற்குச் சமம். மட்டர் என்பது திரையையே வரையும் பகுதி. அதில் கோளாறு வந்தால் லாகின் திரையே வராமல் போகலாம். நகரத்தில் என்றால் பக்கத்துத் தெருவில் ஆள் கிடைப்பார். இங்கே கோத்தகிரிக்கு உள்ளே ஒரு கிராமத்தில், பஸ் இரண்டு வேளை வருகிற இடத்தில், எல்லாத் திரையும் ஒரே நாளில் கறுத்துப்போனால் அந்த வாரம் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. நான் சொல்வது இது: ஆசிரியர் பயன்படுத்தும் கணினியில் மட்டும் ஆல்வேஸ் போடுங்கள். பிள்ளைகளின் கணினியில் ‘நெவர்-இன்க்ளூட்-ஃபேஸ்டு-அப்டேட்ஸ்’ போடுங்கள். நெவர் என்றால் அப்டேட்டே வராது என்று அர்த்தமில்லை. படிகளெல்லாம் முடிந்து 100 சதவீதம் ஆன பிறகு வரும்.

குன்னூர்_லேப் | சனி, காலை 10.20

எல்லாம் ஒன்றாக இருந்தால் பழுது பார்ப்பதும் ஒன்றாக இருக்கும் என்பது என் கட்சி. ஆளுக்கொரு பதிப்பு இருந்தால் ‘என் திரையில் அந்த மெனு இல்லை சார்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் நெவர் போட்டாலும் ஒன்றாகத்தானே இருக்கும், சற்றுப் பிந்தி. சரி, ஆசிரியர் கணினி ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு நெவர் போட்டுப் பார்க்கிறேன். மெஷின்-ஐடியையும் புதிதாக்கிவிடுகிறேன்.

கேட்க நினைத்த இன்னொன்று: இரண்டு 24.04 சர்வரில் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒன்றில் 6.8, இன்னொன்றில் 6.14. இதுவும் ஃபேஸிங்கா?

உதகை_முனையம் | சனி, காலை 10.40

இல்லை. ஒன்றில் ‘லினக்ஸ்-ஜெனரிக்’, மற்றொன்றில் ‘லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04’ இருக்கும். முதலாவது 24.04-இன் ஆயுள் முழுக்க 6.8-லேயே இருக்கும். இரண்டாவது புதிய வன்பொருளுக்காக அவ்வப்போது மேலே போகும். இன்ஸ்டால் செய்தபோது எதைத் தேர்ந்தெடுத்தார்களோ அது. பழைய சர்வர்தான் என்றால் 6.8 போதும்.

மலைப்பூண்டு | சனி, இரவு 7.30

மன்னவனூர்லேர்ந்து எழுதுறேங்க. படிச்சுக்கிட்டே வந்தேன், எனக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி, ஆனா உபுண்டு இல்ல, டெபியன் லினக்ஸ். எங்கிட்ட ஒரு லேப்டாப், தம்பிகிட்ட ஒண்ணு. ரெண்டுலயும் டெபியன் 12தான் போட்டிருந்துச்சு. பூண்டு கணக்கு, வாடகை வண்டிக் கணக்கு எல்லாம் லிபர்ஆபிஸ் கால்க்லதான் போடுறோம். இப்ப அவன் லேப்டாப்ல அப்டேட் குடுத்தா லிபர்ஆபிஸ் 25.2 தரேங்குது, எனக்கு 7.4தான் இருக்குங்குது. இம்புட்டு வித்தியாசம் எப்படிங்க வரும்? இதுவும் அந்த சதவீதக் கணக்கா? அவன் இன்னும் அப்கிரேட் குடுக்கல, பயந்துபோய் வச்சிருக்கான்.

குறிஞ்சி12 | சனி, இரவு 8.05

கொடைக்கானலிலிருந்து நான். மலைப்பூண்டு அண்ணே, உங்கள் தம்பி அப்கிரேட் கொடுக்காமல் நிறுத்தியது ரொம்ப நல்லது.

டெபியன் ஸ்டேபிளில் அந்தச் சதவீத முறை கிடையாது. 7.4-க்கும் 25.2-க்கும் இடையே இருப்பது ஒரு முழு வெளியீடு. டெபியன் 12-இன் பெயர் புக்வோர்ம், 2023 ஜூன் 10-இல் வந்தது. அதில் லிபர்ஆபிஸ் 7.4. டெபியன் 13-இன் பெயர் ட்ரிக்ஸி, 2025 ஆகஸ்ட் 9-இல் வந்தது. அதில் 25.2. அவர் லேப்டாப்பின் சோர்ஸ் கோப்பில் ‘புக்வோர்ம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஸ்டேபிள்’ என்று இருக்கும், பாருங்கள். ஸ்டேபிள் என்பது இடத்தின் பெயர், அங்கே யார் உட்காருகிறார்களோ அவர்களைக் குறிக்கும். ஆகஸ்ட் 8 வரை புக்வோர்ம் உட்கார்ந்திருந்தது, மறுநாளிலிருந்து ட்ரிக்ஸி. உங்கள் கோப்பில் புக்வோர்ம் என்றே எழுதியிருப்பதால் நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள்.

‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தபோது, ரெப்போ தன் ‘கோட்நேம்’ மதிப்பைப் புக்வோர்மிலிருந்து ட்ரிக்ஸிக்கு மாற்றியிருக்கிறது, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று ஒய் அல்லது என் கேட்டிருக்கும். தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், ஒய் அழுத்தியிருப்பார்.

இப்போதைக்குப் பட்டியல் மட்டும்தான் மாறியிருக்கிறது, பேக்கேஜ் எதுவும் மாறவில்லை. கோப்பில் உள்ள ‘ஸ்டேபிள்’ எல்லாவற்றையும் ‘புக்வோர்ம்’ ஆக்குங்கள். பாதுகாப்பு வரியிலும் ‘புக்வோர்ம்-செக்யூரிட்டி’ என்று ஆக்க வேண்டும். மறுபடி அப்டேட் கொடுத்தால் 7.4 என்றே காட்டும். 13-க்குப் போகவேண்டும் என்றால் கணக்குக் கோப்புகளை வெளியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, டெபியனின் வெளியீட்டுக் குறிப்பைப் பார்த்து, நல்ல லைன் இருக்கிற நாளில் நிதானமாகச் செய்யுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வர டெபியனில் வழி கிடையாது.

லேப்டாப் ரொம்பப் பழையதா? 32 பிட் என்றால் 13-க்குப் போகவே வேண்டாம். ட்ரிக்ஸியில் 32 பிட் பிசிக்குக் கர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை.

மலைப்பூண்டு | ஞாயிறு, காலை 7.15

அப்படியேதாங்க இருந்துச்சு அக்கா! ‘ஸ்டேபிள்’னு போட்டிருந்தாங்க, ஒய்யும் அழுத்தியிருக்கான். மாத்திட்டோம், இப்ப ரெண்டும் 7.4. 64 பிட்டுதான். சீசன் முடிஞ்சப்புறம் ரெண்டையும் சேத்து 13க்கு ஏத்திக்கிறோம்.

தாண்டிக்குடி_காப்பி | ஞாயிறு, காலை 11.00

நல்ல இழை. என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் நம் மலைகளில் அடிக்கடி நடக்கிறது.

ஒரு எஸ்டேட் அலுவலகத்தில் இரண்டு பழைய கணினி, ஒன்றுபோல. ஒன்று மட்டும் எப்போதும் பழைய பதிப்பையே காட்டியது. அப்டேட் ஓடும்போது ‘ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்’ என்று ஒரு வரி வந்துகொண்டே இருந்தது, இன்னும் இவ்வளவு நாள் கழித்துத்தான் செல்லும் என்ற கணக்கோடு. காரணம், மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் போய் வந்தால் தேதி பின்னால் போய்விடும். சாதாரணமாக இணையத்தில் இருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் அந்த ரூட்டரில் அதற்கான 123-ஆம் போர்ட் அடைத்து வைத்திருந்தார்கள். கணினி பின்தங்கிய தேதியில் நிற்கிறது, ரெப்போ பட்டியலில் இருக்கும் தேதி இன்றையது. எதிர்காலத்தில் கையெழுத்திட்ட பட்டியலை எப்படி நம்புவது என்று ஆப்ட் மறுத்துவிடுகிறது. கையில் இருக்கும் பழைய பட்டியலை வைத்தே பதில் சொல்கிறது. பேட்டரியை மாற்றி, ரூட்டரையும் சரிசெய்த பிறகு இரண்டும் ஒன்றாயின. மழையில் கரண்ட் வந்துபோகும் ஊர்க்காரர்கள் முதலில் ‘டேட்’ கட்டளை கொடுத்துப் பாருங்கள்.

எனக்கும் ஒரு கேள்வி. ஃபயர்பாக்ஸுக்கு மோசில்லாவின் ரெப்போவைச் சேர்த்தேன். பாலிசியில் மோசில்லாவின் பதிப்பு மூன்று இலக்க எண்ணோடு தெரிகிறது. ஆனாலும் தேர்வானது என்ற இடத்தில் ‘1:1ஸ்நாப்1’ என்றே நிற்கிறது. 1-ஐ விட நூற்றுச் சொச்சம் பெரியது இல்லையா?

உதகை_முனையம் | ஞாயிறு, பிற்பகல் 1.30

பேட்டரி விஷயம் அருமை, இதை நான் என் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஃபயர்பாக்ஸுக்கு: முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் 1-ஐப் பாருங்கள். அதற்கு எபாக் என்று பெயர். பதிப்பு எண்ணை ஒப்பிடும்போது முதலில் எபாக்கைத்தான் பார்ப்பார்கள். எபாக் எழுதாத பதிப்புக்கு அது 0. மோசில்லாவின் பதிப்பில் எபாக் இல்லை, ஆகவே 0. உபுண்டுவில் இருப்பது 1. பிறகு என்ன எண் வந்தாலும் உபுண்டுதான் ஜெயிக்கும். 22.04-இலிருந்து ஃபயர்பாக்ஸை ஸ்நாப்பாக (ஆப்ட்டுக்கு வெளியே தனியாகப் புதுப்பிக்கும் பேக்கேஜ் வகை) மாற்றியபோது, ஆப்ட் நிறுவும் பழைய டெப் பேக்கேஜ் திரும்ப மேலே வராமல் இருக்க வைத்த பூட்டு அது. அந்த டெப்புக்குள் உலாவி இல்லை, ஸ்நாப்பை இழுத்துவரும் வெற்றுக்கூடுதான்.

இதை மாற்ற ‘பின்’ முன்னுரிமை வேண்டும். சாதாரண ரெப்போவுக்கு 500. நிறுவியிருக்கும் பதிப்புக்கு 100. 1000 அல்லது அதற்கு மேல் என்றால், பதிப்பு கீழே இறங்கினாலும் பரவாயில்லை, இதையே எடு என்று பொருள். மோசில்லாவின் ரெப்போவுக்கு ‘பிரிஃபரன்சஸ்.டி’ அடைவில் ஒரு கோப்புப் போட்டு 1000 கொடுங்கள். மோசில்லா தன் வழிகாட்டியில் சொல்வதும் அதேதான்.

இன்னொருவர் ஸ்நாப்பிலேயே இருந்தால் அவருடைய ஃபயர்பாக்ஸை ஆப்ட் தொடவே தொடாது. ஸ்நாப்பைக் கவனிக்கும் ஸ்நாப்டி தனியாக நாளுக்கு நாலு முறை பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே இரண்டு கணினியின் ஃபயர்பாக்ஸ் பதிப்பு வேறாக இருந்தால், எது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

குறிஞ்சி12 | ஞாயிறு, மாலை 5.10

பதிப்பின் வாலில் ‘இஎஸ்எம்’ என்று ஒரு கணினியில் மட்டும் வந்தால் அது உபுண்டு ப்ரோ சந்தா இணைத்த கணினி. சமூகம் பராமரிக்கும் யூனிவர்ஸ் பகுதியில் இருக்கும் பேக்கேஜ்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் வரும். சொந்தப் பயன்பாட்டுக்கு 5 கணினி வரை இலவசம். ஒரு கணினியில் இணைத்து, பக்கத்துக் கணினியில் விட்டுவிட்டால் இமேஜ்மேஜிக் மாதிரியானவற்றில் வித்தியாசம் தெரியும். இதையும் சரிபார்க்க வேண்டிய பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.

கோத்தகிரி_வாசகசாலை | திங்கள், மாலை 6.00

சுவரோரக் கணினியில் இன்று காலை அப்கிரேட் கொடுத்தேன், மட்டர் தானாக வந்துவிட்டது. நாங்கள் எதையும் மாற்றவில்லை. ‘ஃபேஸ்டு’ என்ற சொல்லும் பாலிசியில் இப்போது இல்லை.

பிள்ளைகளுக்கு மெஷின்-ஐடி கோப்பைத் திறந்து காட்டினேன். இரண்டு கணினியிலும் உள்ள 32 எழுத்துகளைப் பலகையில் மேலும் கீழுமாக எழுதி ஒப்பிட்டார்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அந்தக் குலுக்கலைப் பைதானில் நாமே எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டாள். பெயர், பதிப்பு, ஐடி மூன்றையும் சேர்த்து விதையாகப் போட்டு ஒரு சின்ன நிரல் எழுதினோம். ஆப்ட் எடுக்கும் அதே எண் இதில் வராது என்று சொல்லித்தான் தொடங்கினேன். ஆனால் விதை மாறாவிட்டால் எண் மாறாது என்பதை ஓட்டி ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

உதகை அண்ணா சொன்னபடி பிள்ளைகள் கணினிக்கு நெவர் போடுவதாக முடிவு. லைன் மெதுவாக இருப்பதால் ஆப்ட்-கேச்சர்-என்ஜியும் ஒரு கணினியில் போடப்போகிறோம், ஒருமுறை இறங்கிய பேக்கேஜ் மறுமுறை வெளியிலிருந்து இறங்க வேண்டாம் அல்லவா. ஒரு சந்தேகம்: நெவர் வரியை ‘ஆப்ட்.கான்ஃப்.டி’ அடைவில் ‘ஃபேஸிங்.டெக்ஸ்ட்’ என்று கோப்பாகப் போட்டேன். எடுத்துக்கொண்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உதகை_முனையம் | திங்கள், இரவு 8.40

அந்தப் பெயரில் எடுக்காது. அந்த அடைவில் கோப்புப் பெயருக்குப் பின்னொட்டு இருக்கக்கூடாது, இருந்தால் ‘.கான்ஃப்’ மட்டும்தான் இருக்கலாம். ‘99ஃபேஸிங்’ என்று பெயரை மாற்றுங்கள். வரியின் கடைசியில் அரைப்புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ‘ஆப்ட்-கன்ஃபிக் டம்ப்’ கொடுத்து அதில் ‘ஃபேஸ்டு’ என்று தேடுங்கள். வரி தெரிந்தால் எடுத்துக்கொண்டது.

கேச்சர் போட்டால் 3142-ஆம் போர்ட்டை உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்து வையுங்கள். அந்தப் பைதான் நிரலை இங்கே போடுங்கள் தம்பி, குன்னூர் லேப் பிள்ளைகளும் ஓட்டிப் பார்க்கட்டும்.